சேர்க்கைக்குக் கொடுத்த பணம்: ஆஸ்திரேலியத் தொழிற்கல்வி நிதி சொல்லும் பாடம்

2015 ஜனவரி முதல் நவம்பர் வரையான காலத்தில் ஆஸ்திரேலியாவின் ஃபீனிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற தனியார் தொழிற்கல்வி நிறுவனம் 11,393 பேரை டிப்ளமோ படிப்புகளில் சேர்த்தது. பலரை ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகளில் பதிந்ததால் சேர்க்கைகளின் எண்ணிக்கை 21,000ஐத் தாண்டியது. அந்தச் சேர்க்கைகளுக்காகக் கூட்டரசு அந்நிறுவனத்துக்கு வழங்கிய தொகை ஏறத்தாழ 10.6 கோடி ஆஸ்திரேலிய டாலர். டிப்ளமோவை முறைப்படி முடித்தவர்கள் ஒன்பது பேர்.

இதை மோசடி என்று சொல்லி முடித்துவிடலாம். நீதிமன்றமும் மோசமான நடத்தை என்றே தீர்ப்பளித்தது. ஆனால் அந்த ஆண்டில் ஃபீனிக்ஸ் தனியாக இல்லை. அதைப் போன்ற பல நிறுவனங்கள் ஒரே காலத்தில், ஒரே வகையான தரகர்களை வைத்து, ஒரே வகையான மக்களைத் தேடிப்போய்ச் சேர்த்தன. சில கெட்ட மனிதர்கள் ஒரு நல்ல திட்டத்தைக் கெடுத்தார்கள் என்பது போதுமான விளக்கம் அல்ல. அரசு எந்தச் செயலுக்குப் பணம் கொடுத்தது, எந்த நாளில் கொடுத்தது, யாருடைய கையெழுத்தை நம்பிக் கொடுத்தது என்பதை வரிசையாகப் பார்த்தால், அந்த ஒன்பது என்ற எண் தவிர்க்க முடியாததாகத் தெரிகிறது.

ஆஸ்திரேலியாவின் தொழிற்கல்விக்கு ஒரு நல்ல தொடக்கம் இருந்தது. 1973இல் விட்லம் அரசு மையர் கன்கன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1974இல் வந்த அதன் அறிக்கைதான் டேஃப் என்று இன்றுவரை அழைக்கப்படும் பொதுத்துறைத் தொழிற்கல்லூரிகளுக்கு அடித்தளம். அதுவரை தொழிற்பள்ளிகள் மாநிலங்களின் கல்வித் துறைகளில் கடைசி இடத்தில் கிடந்தன. கட்டடங்கள் பழையவை, கருவிகள் அதைவிடப் பழையவை. தொழிற்சாலைக்கு ஆள் தயாரிப்பது மட்டும் இக்கல்வியின் வேலை அல்ல, வயது எதுவாயினும் ஒரு மனிதர் தன் திறனை வளர்த்துக்கொள்ள வழி திறந்திருக்க வேண்டும் என்றது கன்கன் அறிக்கை. அதையடுத்துக் கூட்டரசின் பணம் கட்டடங்களுக்கும் பட்டறைகளுக்கும் நூலகங்களுக்கும் பாய்ந்தது. அதே 1974இல் தொழிற்கல்லூரிகளில் கல்விக் கட்டணமும் நீக்கப்பட்டது.

அன்று பணம் எங்கே போனது என்பதைக் கவனிக்க வேண்டும். மாணவர் வருவதற்கு முன்பே அது நிறுவனத்துக்குப் போனது. தொழிற்கல்வியின் இயல்பு அதைத்தான் கேட்கிறது. வெல்டிங் கற்றுத்தர வேண்டுமானால் முதல் மாணவர் வாசலில் கால் வைக்கும் முன்பே தடுப்பறைகள், மின்இணைப்பு, புகை போக்கி, பாதுகாப்பு உடைகள், வெட்டிப் பழக இரும்பு எல்லாம் தயாராக இருந்தாக வேண்டும். பல ஆண்டுகள் வேலைத்தளத்தில் நின்ற அனுபவமும், கற்பிக்கும் பயிற்சியும் சேர்ந்த ஒருவர் வேண்டும். அவர் ஒரு நேரத்தில் சிலரைத்தான் கண்காணிக்க முடியும். கையில் தீ இருக்கும் இடத்தில் எழுபது பேர் வகுப்பு நடத்த முடியாது. வணிக மேலாண்மை டிப்ளமோவுக்கு இவை எதுவும் வேண்டாம். ஓர் இணையதளம், ஒரு பாடத்தொகுப்பு, சில மதிப்பீட்டாளர்கள் போதும். இரண்டாவது வகைப் படிப்பில் ஆயிரத்தோராவது மாணவரைச் சேர்க்க ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம். இந்த இரண்டுக்கும் ஒரே சூத்திரத்தில் தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் ஒதுக்கினால், எந்தப் படிப்பு பெருகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

1990களில், நிறுவனத்துக்கு முன்கூட்டியே பணம் தரும் பழைய முறை மாறத் தொடங்கியது. 1992இல் தேசியப் பயிற்சி ஆணையம் உருவானது. 1998 முதல், அப்ரண்டிஸ் பயிற்சியில் எந்த நிறுவனத்திடம் கற்பது என்பதை முதலாளியும் பயிற்சி பெறுபவரும் தேர்ந்தெடுக்கலாம், அரசுப் பணம் அவர்களைப் பின்தொடரும் என்ற முறை நாடெங்கும் வந்தது. இதற்கு ஆதரவான வாதத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. டேஃப் கல்லூரிகள் பல இடங்களில் மெத்தனமாகத்தான் இருந்தன. பாடத்திட்டம் மாற ஆண்டுகள் ஆயின. பகல் வேலைக்குப் போகிறவருக்கு ஏற்ற நேரங்கள் கிடைக்கவில்லை. நேர்மையாக நடந்த, ஒரு தொழிலை மட்டும் ஆழமாகக் கற்றுத்தந்த சிறிய தனியார் நிறுவனங்கள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. போட்டி வந்தால் எல்லாரும் திருந்துவார்கள் என்று நம்பியவர்கள் எல்லாரும் தனியார் கையாட்கள் அல்லர்.

அந்த நம்பிக்கையை இறுதிவரை கொண்டுபோன மாநிலம் விக்டோரியா. 2008இல் அறிவிக்கப்பட்டு 2009 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி, தகுதியுள்ள எவரும் அங்கீகரிக்கப்பட்ட எந்த நிறுவனத்திலும் சேரலாம்; அரசு மானியம் உண்டு; இத்தனை இடங்கள்தாம் என்ற உச்சவரம்பு இல்லை. அறிவித்தது தொழிற்கட்சி அரசு. சேர்க்கை வெள்ளமாகப் பெருகியது. ஆனால் பெருகிய இடங்கள் பொருளாதாரத்துக்கு ஆள் தேவைப்பட்ட இடங்கள் அல்ல. உடற்பயிற்சி வழிகாட்டிகளுக்கான படிப்பு அன்றைய அரசியல் பேச்சில் பெயர்பெற்ற உதாரணமாயிற்று. மாநிலத்தின் பயிற்சிச் செலவு திட்டமிட்டதைவிடப் பல கோடி டாலர் எகிறியது.

2012 மே மாதம் அடுத்து வந்த லிபரல் அரசு அதிர்ந்துபோய்க் கத்தியை எடுத்தது. சில படிப்புகளுக்கான மானியம் ஒரு மணிநேரப் பயிற்சிக்கு ஏறத்தாழ ஒன்றரை டாலர் அளவுக்குக் குறைக்கப்பட்டது. அதைவிடக் கொடுமையான முடிவு இன்னொன்று. நூலகம், மாணவர் ஆலோசனை, ஊனமுற்றோருக்கான உதவி, ஊர்ப்புறக் கிளைகள் போன்ற பொதுப் பொறுப்புகளைச் சுமப்பதற்காக டேஃப் கல்லூரிகளுக்குத் தனியாகக் கிடைத்துவந்த நிதி அடியோடு நிறுத்தப்பட்டது. தனியாருக்கும் டேஃபுக்கும் ஒரே விலை, அதுதான் சமநீதி என்றார்கள். ஒரே பொறுப்பு இல்லாதபோது ஒரே விலை எப்படிச் சமநீதியாகும்? டேஃப் கல்லூரிகள் இழந்த தொகை ஆண்டுக்குச் சுமார் 29 கோடி டாலர் என்று அன்று கணக்கிடப்பட்டது. மெல்பர்னின் புறநகர்களான லில்லிடேலிலும் கிரீன்ஸ்பரோவிலும் வளாகங்கள் மூடப்பட்டன. சந்தையில் யாரோ அளவுக்கு மீறிச் சேர்த்ததற்கான பில், பட்டறை வைத்திருந்தவர்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

இதே காலத்தில் கூட்டரசு தன் பங்குக்கு இன்னொரு குழாயைத் திறந்தது. வெட் ஃபீ-ஹெல்ப் என்பது அதன் பெயர். 2008இல் தொடங்கிய இந்தக் கடன் திட்டத்தின் நோக்கம் நியாயமானது. பல்கலைக்கழக மாணவருக்குக் கட்டணத்துக்கான கடனை அரசு தருகிறது. டிப்ளமோ படிக்கும் தொழிற்கல்வி மாணவருக்கு மட்டும் ஏன் இல்லை? தொடக்கத்தில் ஒரு கடிவாளம் இருந்தது. அந்த டிப்ளமோவைப் பல்கலைக்கழகம் ஒன்று தன் பட்டப்படிப்பின் பகுதியாக ஏற்கும் என்ற ஒப்பந்தம் இருந்தால்தான் கடன் உண்டு. தரத்தைப் பார்க்க வெளியே ஒரு கண் இருந்தது என்பதே அதன் பொருள். 2012இல் கில்லர்ட் அரசு கொண்டுவந்த திருத்தம் அந்த நிபந்தனையை நீக்கியது. நிர்வாகச் சிக்கலைக் குறைப்பதும் படிப்பு வாய்ப்பை அகலப்படுத்துவதும் நோக்கம் என்றார்கள்.

கடன் இயங்கிய விதம் இது. மாணவர் ஒரு படிவத்தில் கையெழுத்திடுவார். படிப்பில் சேர்ந்து குறிப்பிட்ட ஒரு தேதி தாண்டும்வரை அவர் பெயரை நீக்காமல் இருந்தால் போதும். கட்டணம் முழுவதும் அரசிடமிருந்து நேராக நிறுவனத்துக்குப் போகும், கடன் மாணவர் தலையில் ஏறும். அவர் வகுப்புக்கு வந்தாரா, பாடத்தைத் திறந்தாரா என்பது அந்தப் பட்டுவாடாவுக்குத் தேவைப்படவில்லை. கட்டணம் எவ்வளவு என்பதை நிறுவனமே முடிவுசெய்யும். முழுக் கட்டணம் செலுத்தும் மாணவருக்குக் கடனோடு 20 விழுக்காடு கூடுதல் கட்டணமும் சேரும். ஆண்டு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டும்போதுதான் வரித்துறை வசூலிக்கத் தொடங்கும். 2015–16இல் அந்த வரம்பு 54,126 டாலர். ஆக, விற்பவருக்குப் பணம் உடனே. வாங்குபவருக்கு விலை எப்போதோ, ஒருவேளை ஒருபோதும் இல்லை. நடுவில் நின்று கொடுப்பவர் எதையும் நேரில் பார்ப்பதில்லை.

அந்த வரம்புதான் தரகர்களின் வாய்ச்சொல்லாயிற்று. ‘நீங்கள் அவ்வளவு சம்பாதிக்கப் போவதில்லையே, அப்படியானால் இது இலவசம்தானே’ என்ற தர்க்கத்தோடு அவர்கள் அரசு வீட்டுவசதிக் குடியிருப்புகளில் கதவு தட்டினார்கள். தொலைவில் இருந்த பூர்வகுடி மக்களின் ஊர்களுக்குப் போனார்கள். வேலையற்றோர், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள், ஆங்கிலம் எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் ஆகியோரிடம் போனார்கள். கையெழுத்திட்டால் இலவச மடிக்கணினி அல்லது ஐபேட். கணினியே இயக்கத் தெரியாதவர் இணையவழி டிப்ளமோவில் சேர்க்கப்பட்டார். ஃபீனிக்ஸ் விற்ற படிப்புகளின் விலை 18,000 டாலரிலிருந்து தொடங்கியது. ஒரு சேர்க்கைக்கு இவ்வளவு என்று தரகருக்குக் கமிஷன்.

ஏழைகள்தாம் இந்த வியாபாரத்தின் மூலப்பொருள் என்பது எனக்கு இந்த வரலாற்றிலேயே ஆறாத பகுதி. வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்குக் கதவைத் திறப்பது என்ற கன்கனின் சொற்கள், அந்தக் கதவைத் தட்டியே அவர்கள் பெயரில் கடன் எழுதும் அளவுக்குத் திரிந்துபோயின. மாணவரின் வறுமை வழக்கமாக ஒரு கல்வித் திட்டத்தின் சவாலாக இருக்கும். இங்கே அதுவே நிறுவனத்தின் லாபம்.

எண்கள் எப்படி ஏறின என்று பாருங்கள். 2009இல் இத்திட்டத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் மாணவர்கள், 2.6 கோடி டாலர் கடன். 2012இல் 32.5 கோடி. 2014இல் ஏறத்தாழ 180 கோடி. 2015இல் 290 கோடி டாலர், மாணவர்கள் 2.7 லட்சத்துக்கு மேல். 2012க்கும் 2015க்கும் இடையில் சராசரிக் கட்டணம் இரண்டு மடங்கைத் தாண்டியது. படிப்பை முடித்தவர்கள் நால்வரில் ஒருவர் அளவில்தான். முழுக்க இணையவழியில் படித்தவர்களிடையே அது பத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. தொழிற்கல்வி நிறுவனங்கள் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன. வொகேஷன் என்ற நிறுவனம் 2013 டிசம்பரில் பட்டியலுக்கு வந்து 2015 நவம்பரில் வீழ்ந்தது.

இவ்வளவு ஏறும்போது யாரும் கவனிக்கவில்லையா? கவனித்தார்கள். டேஃப் ஆசிரியர் சங்கமும் நுகர்வோர் சட்ட உதவி மையங்களும் பல முறை எச்சரித்தன. ஆனால் அமைப்பின் ஒவ்வொரு மூலைக்கும் கண்ணை மூடிக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. கூட்டரசின் கணக்கில் இது செலவு அல்ல, கடன். வரவிருக்கும் சொத்தாக அது ஏட்டில் நின்றது. மாநிலங்களுக்கோ கூட்டரசுக் கடன் பெருகப் பெருகத் தங்கள் டிப்ளமோ மானியத்தைக் குறைத்துக்கொள்ள வசதி. 2011இல் பிறந்த தரக்கட்டுப்பாட்டு ஆணையம் பாடத்தின் தரத்தைப் பார்த்தது, விற்பனை முறையை அல்ல. கடனை நிர்வகித்த துறை பட்டுவாடாவைப் பார்த்தது, பாடத்தை அல்ல. 2016 டிசம்பரில் வெளியான தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை, திட்டத்தின் நோக்கம் நிறைவேறுகிறதா, இடர்கள் கட்டுக்குள் உள்ளனவா, பணம் சரியாகப் போகிறதா என்று உறுதிசெய்யும் ஏற்பாடுகளையே துறை செய்திருக்கவில்லை என்று சொன்னது.

இடையில் ஒட்டுப்போடும் வேலையும் நடந்தது. 2015 ஏப்ரலில் மடிக்கணினி போன்ற தூண்டில்கள் தடைசெய்யப்பட்டன. 2016 தொடக்கத்தில், படிப்பில் சேர்வதற்கும் கடனுக்கு விண்ணப்பிப்பதற்கும் இடையே இரண்டு நாள் இடைவெளி கட்டாயமாயிற்று. அக்டோபரில் கல்வி அமைச்சர் சைமன் பர்மிங்கம் திட்டத்தையே மூடுவதாக அறிவித்தார். 2017 ஜனவரி 1 முதல் வந்த புதிய கடன் முறையில் படிப்புக்கேற்ப 5,000, 10,000, 15,000 டாலர் என்று உச்சவரம்பு, அனுமதிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியல், தரகர்களுக்குத் தடை எல்லாம் வந்தன. குழாய் அடைபட்ட ஐந்தாம் மாதமே கேரியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற பெரிய நிறுவனம் சரிந்தது. ஏறத்தாழ 15,000 மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். ஃபீனிக்ஸுக்கும் அதற்காக விற்பனை வேலையைச் செய்த நிறுவனத்துக்கும் 2023 செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றம் விதித்த அபராதம் 43.8 கோடி டாலர். நுகர்வோர் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்டவற்றில் அதுவே மிகப் பெரியது. ஆனால் இரண்டு நிறுவனங்களும் அதற்கு முன்பே கலைப்பு நடவடிக்கையில் இருந்தன. தொகை வசூலாகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

நமக்கு இது வேறொரு கண்டத்துக் கதை அல்ல. இந்தியாவில் 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டமும் பயிற்சி நிறுவனத்துக்குத் தலைக்கணக்கில்தான் பணம் கொடுத்தது. அதே ஆண்டு வகுக்கப்பட்ட பொது விதிமுறை, மணிநேரத்துக்கு 38.50, 33, 27.50 ரூபாய் என்று தொழிலின் செலவுக்கேற்ப மூன்று வகை வைத்தது. தொகையை மூன்று தவணைகளாகப் பிரித்தது: பயிற்சி தொடங்கும்போது 30 விழுக்காடு, சான்றிதழ் கட்டத்தில் 50, வேலை கிடைத்த பின் 20. ஆஸ்திரேலியக் கடனைவிட இது யோசித்துச் செய்த ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஐந்தில் நான்கு பங்குப் பணம் வேலை என்ற கேள்வி எழுவதற்கு முன்பே கைமாறிவிடுகிறது. இத்திட்டம் குறித்து 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை, பயனாளிகளில் மிகப் பெரும்பான்மையோரின் வங்கிக் கணக்கு விவரங்கள் காலியாகவோ பொருளற்ற எண்களாகவோ இருந்ததைச் சுட்டிக்காட்டியது. அந்த மனிதர்களைத் தேடிப்பிடித்து ‘என்ன கற்றீர்கள், இப்போது என்ன செய்கிறீர்கள்’ என்று கேட்கக்கூட வழியில்லாத நிலை அது.

இதற்குப் பக்கத்தில் தமிழ்நாட்டின் அரசு ஐடிஐகளை வைத்துப் பார்க்கலாம். அங்கே பணம் பழைய பாணியில், நிறுவனத்துக்குப் போகிறது. மாணவருக்குக் கட்டணம் இல்லை; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் சைக்கிளும் உண்டு. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877.43 கோடி ரூபாயில் 71 அரசு ஐடிஐகள் நவீனப்படுத்தப்பட்டன. ரோபோ, சிஎன்சி, மின்வாகனம் என்று புதிய தொழில்களுக்கான கருவிகள் வந்தன. பணம் பட்டறைக்குள் போனால் அது அங்கே நிற்கும், பத்தாண்டு கழித்தும் ஒரு மாணவர் அதில் கை வைக்க முடியும் என்பது பெரிய விஷயம். ஆனால் இயந்திரம் வந்த வேகத்தில் அதை இயக்கிக் காட்டும் நிரந்தரப் பயிற்றுநர் வந்தாரா என்பதைத் தனியாகக் கேட்டாக வேண்டும். கட்டடத்துக்கும் கருவிக்கும் நிதி கேட்பது எளிது, திறப்பு விழா உண்டு. முப்பது ஆண்டுச் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் நிதி கேட்பது கடினம்.

பணம் எதற்குப் போக வேண்டும் என்ற இந்தக் கேள்விக்குத்தான் ஆஸ்திரேலியாவும் இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. ஏமாற்றப்பட்டவர்களின் புகார்களை விசாரிக்க 2017 ஜூலையில் தனிக் குறைதீர்ப்பாளர் பதவி உருவானது; 2019 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் பல்லாயிரம் பேரின் கடனைத் துடைத்தது. தங்கள் பெயரில் கடன் இருப்பதே தெரியாமல், சம்பளம் உயர்ந்து வரித்துறைக் கடிதம் வந்த பிறகு அறிந்துகொண்டவர்கள் அவர்களில் உண்டு. கிரீன்ஸ்பரோ வளாகம் 2017இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2019இல் விக்டோரியா சில படிப்புகளை டேஃபில் இலவசமாக்கியது. 2023இல் கூட்டரசும் மாநிலங்களும் சேர்ந்து நாடு முழுவதும் 1,80,000 இலவச இடங்களுக்கு நிதி ஒதுக்கின. 2024 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டுத் தேசிய ஒப்பந்தம் டேஃபை அமைப்பின் மையத்தில் வைப்பதாகச் சொல்கிறது. 2025 மார்ச்சில் நிறைவேறிய சட்டம், 2027 முதல் ஆண்டுக்குக் குறைந்தது ஒரு லட்சம் இலவச இடங்களை நிரந்தரமாக்குகிறது.

இந்தத் திருப்பத்தை நான் வரவேற்கிறேன், ஒரு தயக்கத்தோடு. இலவச இடங்களைப் பற்றி அமைச்சர்கள் பேசும்போதெல்லாம் முன்னால் வந்து நிற்பது எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற எண்தான். எதிர்க்கட்சியும் தனியார் நிறுவனங்களும் முடித்தவர்களின் எண்ணிக்கையைக் கேட்கின்றன. அவர்களுக்குச் சொந்த நலன் இருக்கலாம், கேள்வி சரியானது. கட்டணம் இல்லை என்பது ஒருவரை வகுப்புக்குள் கொண்டுவரும். அவர் அங்கே தங்குவதற்கு வாடகையும் பயணச் செலவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். எழுத்தறிவில் பின்தங்கியவராக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து உதவ ஒருவர் வேண்டும். 2012இல் விக்டோரியா வெட்டியெறிந்தது இந்தப் பின்னணிச் சேவைகளுக்கான பணத்தைத்தான். ஓர் இடத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் அது எளிதில் அடங்குவதில்லை.

பயிற்றுநர் பிரச்சினை இன்னும் கடினமானது. தேர்ந்த எலெக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் ஆஸ்திரேலிய வேலைத்தளங்களில் கிடைக்கும் வருமானத்துக்கு டேஃப் சம்பளம் ஈடுகொடுப்பதில்லை. கற்பிக்க வருகிறவர் வருமானத்தை இழப்பதோடு பயிற்சியளிப்பதற்கான சான்றிதழையும் தனியாகப் படித்தாக வேண்டும். சந்தைக் காலத்தில் டேஃப் கல்லூரிகள் நிரந்தரப் பணியிடங்களைக் குறைத்து மணிக்கூலி ஆசிரியர்களை வைத்தே ஓட்டின. அப்போது வெளியேறிய அனுபவசாலிகள் பலர் இப்போது ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். வீடு கட்டவும் மின்கம்பி இழுக்கவும் முதியோரைப் பராமரிக்கவும் ஆள் போதவில்லை என்று நாடு தவிக்கும் இந்த நேரத்தில், புதிய ஒப்பந்தத்தின் பணத்தில் எவ்வளவு இடங்களுக்கு, எவ்வளவு அந்த இடங்களில் நின்று கற்பிக்கப் போகிறவர்களுக்கு என்பதை ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் தனித்தனியாக வெளியிட வேண்டும். சேர்ந்தவர், ஓராண்டு கழித்தும் இருப்பவர், முடித்தவர், படித்த தொழிலிலேயே வேலை பார்ப்பவர் ஆகிய நான்கு எண்களும் கல்லூரி வாரியாக அதன் பக்கத்தில் இருக்க வேண்டும்.